பிராக் பழைய நகரச் சதுக்கம்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): மணிக்கூண்டின் பொம்மைகளை எப்போது பார்க்கலாம்?

பதில்: காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, மணிக்கு ஒரு முறை. எலும்புக்கூடு மணியடிக்க, மேலே இரு சாளரங்களில் திருத்தூதர்கள் வரிசையாக வந்து மறைவார்கள். சேவல் கூவியதும் கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகும் நில்லுங்கள். 1410ஆம் ஆண்டின் வானியல் முகப்பை நிதானமாகப் பார்க்க அதுவே நேரம்.

கேள்வி (சென்னை): ரூபாயை அங்கே மாற்றலாமா?

பதில்: வேண்டாம். வங்கி ஏடிஎம்மில் செக் நாட்டு நாணயமான கொருனாவை எடுங்கள். ரூபாயில் கணக்கிடலாமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவர்கள் செல்லாத வேற்று நாட்டு நோட்டுகளைத் தள்ளிவிடுவதுண்டு.

கேள்வி (கோவை): ஏப்ரல் முதல் வாரத்தில், நம் பஞ்சாங்கப்படி சூரியன் மீனத்தில் இருக்க, கடிகாரம் மேஷத்தைக் காட்டியது. பழுதா?

பதில்: பழுதில்லை, நல்ல கேள்வி. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை நிலையாகக் கொண்டு ராசியைக் கணக்கிடும் நிராயன முறையைப் பின்பற்றுகிறது. பிராக் கடிகாரமோ, மார்ச் 21ஐ ஒட்டி, பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து மேஷத்தைத் தொடங்கும் சாயன முறையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையிலான விலகல், அதாவது அயனாம்சம், இன்று ஏறத்தாழ 24 பாகை. சூரியன் நாளொன்றுக்குச் சுமார் ஒரு பாகை நகர்வதால், அங்கே மேஷம் பிறந்து மூன்று வாரங்களுக்கு மேல் கழிந்த பிறகே நமக்குச் சித்திரை பிறக்கிறது. அடுத்த முறை முள்ளில் இருக்கும் பொன்னிறச் சூரியனை உற்றுப் பாருங்கள்: ராசி வளையம் மையம் விலகிச் சுழல்வதால், அது கோடையில் முள்ளின் நுனியை நோக்கியும் குளிர்காலத்தில் மையத்தை நோக்கியும் நகர்ந்திருக்கும். பாதி வெள்ளி பூசிய சந்திர உருண்டை தானே திரும்பி வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும்.

கேள்வி (மதுரை): யூரோவையாவது மாற்றலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். கடையில் மாற்றி ஏமாந்தால், ரசீதுடன் 3 மணி நேரத்துக்குள் திரும்பிச் சென்று ரத்து செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

கேள்வி (புதுச்சேரி): 1918இல் மக்களே இடித்த மரியன்னை தூணை 2020இல் மீண்டும் நிறுவியது தவறில்லையா?

பதில்: செக் மக்களை ஆண்ட ஆஸ்திரிய அரச குலமான ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் சின்னமாகக் கருதித்தான், விடுதலை பெற்ற சில நாட்களில் அதை வீழ்த்தினார்கள். ஆனால் 1650இல் எழுந்த அத்தூண் நகரின் நிழற்கடிகாரமாகவும் இருந்தது. அதன் நிழல் தரையில் பதித்துள்ள தீர்க்கரேகைக் கோட்டில் விழும்போது பிராக்கில் உச்சிப்பொழுது. அந்தக் கோட்டுக்கு நிழல் திரும்பக் கிடைத்ததை நான் வரவேற்கிறேன்.

கேள்வி (அதே வாசகர்): 1621இல் தன்னை எதிர்த்துக் கிளர்ந்த 27 பேரைக் கொன்ற அரச குலத்தின் தூணுக்கு நிழல் ஒரு சமாதானமா?

பதில்: அந்த 27 பேருக்கும் நகர மண்டபத்தருகே தரையில் வெள்ளைச் சிலுவைகள் உள்ளன; கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்ததால் எரித்துக் கொல்லப்பட்ட செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் சிலையும் 1915 முதல் அங்கேயே நிற்கிறது. இரு தரப்பு நினைவும் ஒரே சதுக்கத்தில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. உங்கள் கோபம் நியாயமானது; தூணை மறுபடி அகற்றுவதுதான் தீர்வு என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை.

கேள்வி (சேலம்): அந்த நிழலைப் பார்க்க 12 மணிக்குப் போகவா?

பதில்: குளிர்காலத்தில் சரி. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், பகல் 1 மணியை ஒட்டிப் போங்கள்.

கேள்வி (ஈரோடு): விசா?

பதில்: செக் தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பணம் எங்கே மாற்றுவது?

பதில்: இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றித்தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு உரியது, வெட்டும் முன் எடையைச் சொல்லிவிடுங்கள்.