விடியற்காலைக் கனவு பலிக்குமா?

தூக்கம், கனவு பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சொல்வார்கள். போன மாதம் நாலரை மணிக்கு, தம்பி வண்டியிலிருந்து விழுவதாகக் கனவு கண்டு பதறி எழுந்தேன். இன்னும் அவன் வண்டியை எடுத்தாலே மனம் அடித்துக்கொள்கிறது. – வாசகி, தேனி

பலிக்காது அம்மா, பயத்தை விடுங்கள். ஆனால் பாட்டி ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறார். விடியற்காலைக் கனவுக்கு மற்றக் கனவுகளுக்கு இல்லாத அழுத்தம் உண்டு. அதற்குக் காரணம் தூக்கத்தின் அமைப்பு.

இரவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, 4 அல்லது 5 சுற்றுகள் ஓடும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கருவிழிகள் இங்கும் அங்கும் துள்ளும். தூங்கும் குழந்தையின் இமையை உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953-ல் இதைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். இதற்கு ரெம் தூக்கம் என்று பெயர். அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பிக் கேட்டால், பத்தில் எட்டு முறை கனவைச் சொல்வார். மற்ற நேரத் தூக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் துண்டு துணுக்காகவே இருக்கும்.

இரவு 10 மணிக்குத் தூங்குபவருக்கு முதல் ரெம் பதினொன்றரை வாக்கில் வரும், 5 அல்லது 10 நிமிடம்தான். விடியும் நேரத்தில் வருவதோ அரைமணி நேரம்கூட நீளும். கதைபோல் நீளும் கனவு அப்போதுதான் வரும். இன்னொன்று, ரெம் தூக்கத்தில் மூளையில் நார்அட்ரீனலின் என்ற ரசாயனத்தின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நினைவைப் பதிய வைக்க அது வேண்டும். அதனால் கனவின் நடுவில் விழித்தால்தான் அது தங்கும், தொடர்ந்து தூங்கிவிட்டால் போயே போய்விடும். முன்னிரவில் கண்டதை மறந்து, விடியலில் கண்டதோடு எழுந்திருக்கிறோம். அப்படி நினைவில் நின்றவற்றில் எப்போதோ ஒன்று நடப்போடு ஒத்துப்போனால் குடும்பமே அதைப் பேசுகிறது. விழுவதாகக் கனவு கண்ட அன்று தம்பி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் வையுங்கள். விழித்ததும் புரண்டு படுக்காமல், போனைத் தொடாமல், அதே நிலையில் கிடந்து கடைசிக் காட்சியைப் பிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் மூன்று சொற்கள், பிறகு விவரம், தேதி, நேரம். எழுதியதை அப்புறம் திருத்தக் கூடாது, நினைவு தானாகவே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பாம்பு கடித்து ரத்தம் வந்தால் பிடித்த பீடை விலகும், பல் விழுந்தால் உறவில் சாவு விழும் என்கிறார்கள். கனவுப் பலன் புத்தகங்களை எவ்வளவு நம்பலாம்? – வாசகர், காரைக்குடி

எல்லோருக்கும் பொதுவான அகராதி கனவுக்குக் கிடையாது. வயலில் வேலை செய்பவருக்குப் பாம்பு வேறு, அடுக்குமாடியில் வளர்ந்த பெண்ணுக்குப் பாம்பு வேறு. அடக்கி வைத்த ஆசைகள் மாறுவேடம் போட்டு வருகின்றன என்று 1899-ல் வெளியான தன் நூலில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்ட் சொன்னார். மூளைத்தண்டிலிருந்து எழும் தாறுமாறான தூண்டல்களை மூளையின் மேற்பகுதி கதையாகக் கோத்துக்கொள்கிறது என்று 1977-ல் ஹார்வர்டில் ஹாப்சனும் மெக்கார்லியும் எழுதினார்கள். இரண்டில் எதுவும் முழு விடையாக நிற்கவில்லை. ரெம் தூக்கத்தில் அச்சத்தையும் பாசத்தையும் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கும், சரி தப்பு பார்க்கும் நெற்றிப் பகுதி ஓய்ந்திருக்கும். செத்தவர் எதிரே வந்து காபி குடித்தாலும் நமக்குச் சந்தேகம் வராதது இதனால்தான்.

2000-ல் தூக்க ஆய்வாளர் ஸ்டிக்கோல்ட் குழுவினர் சிலரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். அவர்களில் ஐவர் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நோயாளிகள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் கண்ணயரும் நேரத்தில் கட்டைகள் கீழே விழும் காட்சி அவர்களில் மூவருக்கு வந்தது. நமக்கு நினைவில்லாத பகல்கூடக் கனவுக்குக் கச்சாப்பொருள் ஆகிறது.

பல் விழும் கனவுக்கு நேரான விஷயம் ஒன்று உண்டு. 2018-ல் இஸ்ரேலில் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், அந்தக் கனவு மனக்கவலையோடு சேர்ந்து வரவில்லை. காலையில் பல், ஈறு, தாடையில் இருக்கும் வலி, இறுக்கத்தோடுதான் சேர்ந்து வந்தது. அடிக்கடி அந்தக் கனவு வந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா தவறி ஏழு மாதம் ஆகிறது. கனவில் வந்து அடுப்படியில் நிற்கிறார். ஒருநாள் "பசிக்குதுடா" என்றார். அமாவாசைக்குப் படையல் போட்டோம், அப்புறமும் வருகிறார். எதிலாவது குறை வைத்துவிட்டோமா? – வாசகர், பட்டுக்கோட்டை

குறை எதுவும் இல்லை ஐயா. நெருங்கியவரை இழந்தவர்களுக்கு இப்படிக் கனவு வருவது மிகச் சாதாரணம். அம்மா இருந்த வீட்டை உங்கள் மூளைக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும், அம்மா இல்லாத வீடு அதற்கு ஏழு மாதப் பழக்கம்தான். கடைசி நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து ஊட்டியவர்களுக்கு அந்த ஆற்றாமை வெகுநாள் தங்கும், கனவில் அது பசியாகவே பேசும். படையல் போடுவதை நிறுத்த வேண்டாம், துக்கத்துக்கு அது ஓர் இடம் தருகிறது. ஆனால் கனவு நின்றால்தான் படையல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கணக்குப் போடாதீர்கள். தூங்கவே பயம் வந்தாலோ, மரணக் காட்சியே திரும்பத் திரும்ப வந்தாலோ, ஓராண்டு கடந்தும் அன்றாட வேலை ஓடவில்லை என்றாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள்.

விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் கைகால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்கிறார் அத்தை. – மாணவி, திருநெல்வேலி

ரெம் தூக்கத்தில் கண்ணையும் உதரவிதானத்தையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளை மூளைத்தண்டு கட்டிப்போடும். கனவில் ஓடும்போது கால் நிஜமாக ஓடாமல் இருக்க அது வேண்டும். சில நேரம் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிடும், மிச்சக் கனவு அறைக்குள் ஆளாகத் தெரியும். நெஞ்சுத் தசைகளும் தளர்ந்திருப்பதால், ஆழமாக மூச்சு இழுக்கப் பார்த்தால் முடியாது. அதுதான் அந்தப் பாரம். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகும். எழுந்து உட்காரப் போராடாதீர்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுப்பதும் பரீட்சைக்காகத் தூக்கம் கெடுவதும் இதைக் கூட்டும். பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தொய்வதும் கூடவே இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என் கணவருக்கு வயது 63. ஒரு வருடமாகத் தூக்கத்தில் கத்துகிறார், குத்துகிறார். எழுப்பினால் நாய் துரத்தியது என்கிறார். கனவுதானே என்று விட்டுவிடலாமா? – வாசகி, ஈரோடு

விடக் கூடாது. ரெம் தூக்கத்தில் தசைகளை மூளைத்தண்டு கட்டிப்போடும் என்று மேலே சொன்னோமே, அந்தக் கட்டு இவருக்குத் தளர்ந்திருக்கலாம். பிரான்சில் லியோன் நகரில் தூக்க ஆய்வாளர் மிஷேல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் அப்படிக் கட்டிப்போடும் இடத்தைச் சேதப்படுத்தியபோது, அவை தூக்கத்திலேயே எழுந்து இல்லாத எலியைப் பிடிக்கப் பாய்ந்தன. மனிதரிடம் இதை ஒரு நோயாக 1986-ல் மின்னசோட்டா மருத்துவர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும் விவரித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்குப் பல ஆண்டுகள் முந்திய அறிகுறியாக இருக்கக்கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் கண்காணிப்பு வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயும் இதே தோற்றத்தைத் தரும். அதனால் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். வீடியோவோடு கூடிய இரவுத் தூக்கப் பரிசோதனை உறுதிசெய்யும். வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். இன்றிரவே செய்ய வேண்டியது: மெத்தையைத் தரையில் போடுங்கள், பக்கத்தில் கண்ணாடி, கூர்முனை மேசை இருக்க வேண்டாம், நீங்கள் தனிக் கட்டிலில் படுங்கள்.

ஐந்து வயதுப் பையன் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் அலறி உட்காருகிறான். என்னையே தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. – ஒரு தாய், ஓசூர்

இது கெட்ட கனவு இல்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிப்பு. கெட்ட கனவு பின்னிரவில் வரும், குழந்தை விழித்து அதைச் சொல்லும். உலுக்கி எழுப்பாதீர்கள், அலறல் கூடும். விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், அடங்கிவிடும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 20 நிமிடம் முன்பே மெல்லத் தட்டி லேசாக விழிக்கச் செய்து மறுபடி தூங்க விடுங்கள். இரண்டு மூன்று வாரம் செய்ய வேண்டும். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும். வீசிங்குக்கு மான்டெலுகாஸ்ட் சாப்பிடுகிறான் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், சில குழந்தைகளுக்கு அந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

லாரி மோதிய விபத்திலிருந்து தப்பி எட்டு மாதம். வாரத்தில் மூன்று நாள் அதே ஹெட்லைட் கனவில் வருகிறது. தூக்கம் வர மது குடித்தால் இன்னும் மோசம். – வாசகர், திருச்சி

மது முன்னிரவில் ரெம் தூக்கத்தை அமுக்கும். அது உடலில் கரைந்ததும் பின்னிரவில் ரெம் கூடுதலாகப் பாய்ந்து வரும். மோசமாவது அதனால்தான். தினமும் கூடுதலாகக் குடித்து வந்தவர் என்றால் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

கனவை மாற்றி ஒத்திகை பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. தூக்க மருத்துவர் பேரி க்ராகோவ் குழுவினர் 2001-ல் சோதித்துக் காட்டியது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவைத் தாளில் எழுதுங்கள். பிறகு எந்த இடத்திலாவது அதை மாற்றுங்கள். எப்படி என்பது உங்கள் விருப்பம்: ஹெட்லைட் நெருங்கும்போது வண்டி ஓரமாக ஒதுங்கி டீக்கடை முன் நிற்கலாம், அந்த வெளிச்சம் கோயில் திருவிழா விளக்காக மாறலாம். புதுக் கதையை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம், நிறம், சத்தம், வாசனையோடு மனத்தில் ஓட்டுங்கள். பழைய கனவை ஓட்டக் கூடாது, அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இன்னொரு தவறு, படுக்கைக்குப் போன பிறகு ஆரம்பிப்பது. களைப்பில் மனம் பழைய தடத்துக்கே நழுவும். சில வாரங்கள் ஆகும். பகலிலும் அந்தக் காட்சி பாய்ந்து வருகிறது, வண்டிச் சத்தத்துக்குத் தூக்கிப் போடுகிறது என்றால் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

நாமகிரித் தாயார் கனவில் கணக்குகளைக் காட்டியதாக ராமானுஜன் சொன்னாரே, அது எப்படி? – ஆசிரியர், நாமக்கல்

அவர் சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை. சிலேட்டில் எழுதி அழித்து எழுதி, பகலெல்லாம் எண்களோடு வாழ்ந்தவர் அவர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் ஆய்வாளர் ஓட்டோ லோவிக்கும் இப்படி நடந்தது. நரம்பு இதயத்திடம் பேசுவது ஏதோ ஒரு ரசாயனத்தால் என்ற யூகம் அவருக்குப் பல வருடங்களாக இருந்தது. ஒரு நாள் இரவு அதைச் சோதிக்கும் வழி தோன்றி விழித்து, துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அது திரும்ப வந்தபோது நேராக ஆய்வகத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களில் செய்து பார்த்துவிட்டார். 1936-ல் நோபல் பரிசு. அவர் கண்டுபிடித்த ரசாயனம் அசிட்டைல்கோலின். ரெம் தூக்கத்தைத் தொடக்கி வைப்பதிலும் அதற்குத்தான் பெரிய பங்கு.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்குக் கனவு வருமா? – மாணவர், புதுச்சேரி

வரும். காட்சிக்குப் பதிலாகக் குரல், தொடுதல், வாசனை, நடக்கும்போது காலடியில் படும் தரை இவையே கனவாகும். ஏழு வயதுக்குப் பிறகு பார்வை போனவர்கள் பெரும்பாலும் கனவில் தொடர்ந்து பார்க்கிறார்கள்.