தோலைப் பாத்து முடிவு பண்ணாத தம்பி

கடிதம்:

அண்ணே வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம், வயசு 27, டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல, மூட்டை தூக்குறேன். 24 நாளைக்கு முன்னாடி திருச்சில ஒரு பொண்ணோட இருந்தப்ப காண்டம் கிழிஞ்சிடுச்சு. இப்ப நாலு நாளா கழுத்து, நெஞ்சு, தோள்பட்டையெல்லாம் செவப்பா தடிச்சு அரிக்குது. போன்ல தேடுனா ஹெச்ஐவி வந்தா இப்படித்தான் தடிப்பு வரும்னு போட்டிருக்கு, தூக்கமே இல்ல. மெடிக்கல்ல ஆயின்மெண்ட் வாங்கி தடவுறேன். ரத்ததான முகாம்ல ரத்தம் குடுத்தா அவங்களே டெஸ்ட் பண்ணி சொல்லிடுவாங்கன்னு கூட்டாளி சொல்றான், போகட்டுமா? வைகாசில கல்யாணம் வேற. பேர் போடாதீங்கண்ணே.

பதில்:

தம்பி, முதல்ல அந்த ரத்ததான யோசனையை விட்டுடு. கிருமி புதுசா உடம்புக்குள்ள வந்த கொஞ்ச நாளைக்கு டெஸ்ட்ல சிக்காம இருக்கலாம், அப்ப நீ குடுக்குற ரத்தம் பிரசவத்துல கிடக்குற யாரோ ஒரு பொண்ணு உடம்புல ஏறும். தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாத.

தடிப்பு விஷயத்துக்கு வரேன். ஹெச்ஐவி தொத்துனா 2 வாரத்துல இருந்து 4 வாரத்துக்குள்ள சிலருக்கு காய்ச்சல், தொண்டைவலி, நெறிகட்டுறது, கூடவே தடிப்புன்னு வரும்ங்கிறது நெசந்தான், ஆனா அந்தத் தடிப்பு பெரும்பாலும் அரிக்காது, நிறைய பேருக்கு எதுவுமே வராமலும் போகும். நீ சொல்றது கழுத்து, தோள்பட்டை, அதாவது மூட்டை ஒரசுற இடம், சம்பா நெல்லு வந்து குமியுற இந்த நேரத்துல நெல்லுமேல இருக்குற அரிப்புத் தூசி, அதான் சொணை, பட்டு தடிக்காத லோடுமேன் டெல்டாவுல யாரு இருக்கா சொல்லு. சொணையாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. ஆனா நான் சொன்னதை நம்பி நீ வீட்ல இருந்துடக் கூடாது, ஏன்னா தோலைப் பாத்து ஹெச்ஐவி இருக்குன்னோ இல்லைன்னோ டாக்டராலயே சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். உள்ளங்கை உள்ளங்கால்ல தடிப்பு இருந்தா சிபிலிஸுக்கும் பாக்கச் சொல்லு, அதுவும் உடலுறவுல தொத்துறதுதான், ஆனா பென்சிலின் ஊசில சரியாகுற நோய். அந்த ஆயின்மெண்ட்டையும் நிறுத்து, மெடிக்கல்ல சும்மா குடுக்குறதுல பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், படர்தாமரையா இருந்தா அமுங்குற மாதிரி அமுங்கி உடம்பு பூரா ஏறிடும்.

அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு இருக்கு, டெஸ்ட் இலவசம், கவுன்சிலர் உக்காந்து பேசுவாங்க. மன்னார்குடில தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு கூச்சமா இருந்தா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு பஸ் ஏறிடு. உன் சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017-ல சட்டமே வந்து 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. போறதுக்கு முன்னாடி பேசணும்னா 1097-க்கு போன் போடு, காசு கிடையாது.

இந்த வாரமே போ. ஆனா இப்ப நெகட்டிவ்னு வந்தா அதோட முடிஞ்சிடாது. காண்டம் கிழிஞ்ச அன்னிலேருந்து எண்ணிக்கோ: நாலாம் தலைமுறை டெஸ்ட்டுன்னு லேப்ல எடுக்குறது 45 நாள்ல நல்லா தெளிவு குடுக்கும், விரல்ல குத்தி எடுக்குற ரேபிட் டெஸ்ட்டுன்னா 90 நாள் கழிச்சு திரும்ப எடுக்கணும். வைகாசிக்கு முன்னாடியே அது முடிஞ்சிடும். காய்ச்சலும் சேர்ந்து வந்தா மட்டும் காத்திருக்காம டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லு, வைரஸையே நேரா தேடுற டெஸ்ட் இருக்கு.

படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், இப்படி ஆச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, 28 நாள் மாத்திரை இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா தொத்தாம தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இந்தத் தம்பிக்கு யாராவது அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தனை ராத்திரி முழிச்சிருக்க மாட்டான், அதை நினைச்சாதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

அந்தப் பொண்ணுக்கு ஹெச்ஐவி இருக்குன்னே நமக்குத் தெரியாது தம்பி. இருந்தாக்கூட இப்படி ஒரு தடவைல ஆம்பளைக்குத் தொத்துறது சராசரியா 10,000-ல 4 தான்னு கணக்கு, புண்ணு கிண்ணு இருந்தா கூடும். அப்படியே பாசிட்டிவ்னு வந்தாலும் 2004-ல இருந்து அரசாங்கமே கூட்டு மருந்து இலவசமா குடுக்குது, ஒழுங்கா சாப்பிடுறவங்க வேலைக்குப் போறாங்க, புள்ளை குட்டியோட இருக்காங்க. மருந்தால வைரஸ் டெஸ்ட்லயே தெரியாத அளவுக்கு அடங்கி அப்படியே இருந்தா உடலுறவுல அடுத்தவங்களுக்குத் தொத்தாது. ஆனா அப்ப கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லிடணும், தாலி கட்டுறதுக்கு முன்னாடியே, அதுல மட்டும் உனக்காக நான் விட்டுக்குடுத்துப் பேச மாட்டேன். கடைசி ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரோடயும் காண்டம் இல்லாம இருக்காத.