தெருவின் பணம் தெருவிடமே இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மதுரைக்கு வெளியே, பத்துப் பதினைந்து வருடங்களில் வளர்ந்த ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். ஆறு தெருக்கள், நூற்றுச் சொச்சம் வீடுகள். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. மழை பெய்தால் செப்டிக் டேங்க் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகத் தெருவில் நிற்கும். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு குழந்தைகளுக்கு டெங்கு. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொண்டு அமைப்பைப் பதிவு செய்திருக்கிறோம். சாக்கடை, குப்பை, மாலை வகுப்பு, பெண்களுக்கு மருத்துவ முகாம் என்று நிறையத் திட்டங்கள். நிதி கேட்டு நிறுவனங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தெருவில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வருவதில்லை. "இதெல்லாம் கவர்மெண்ட் செய்ய வேண்டியது" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? வெளி நிதி இல்லாமல் ஒரு பகுதி தன் காலில் நிற்க முடியுமா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

முடியும். அப்படி நின்ற ஓர் இடத்தைச் சொல்கிறேன். கராச்சியின் வடமேற்கில் இருக்கும் ஓராங்கி. 1971 போருக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த பிஹாரிகள், பட்டாணியர்கள், பஞ்சாபிகள், இன்னும் பலர் பட்டா இல்லாத நிலத்தில் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய பகுதி. 1980-இல் அங்கே பல லட்சம் பேர் இருந்தார்கள். சாக்கடை கிடையாது. வாளிக் கக்கூஸ், இல்லாவிட்டால் உறிஞ்சுகுழி. குழி சில வருடங்களில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் சந்தில்தான் ஓடும்.

அந்த வருடம் அங்கே போனவர் அக்தர் ஹமீத் கான். வங்கப் பஞ்சத்தைப் பார்த்துவிட்டு ஐ.சி.எஸ். வேலையை உதறியவர், அலிகர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வாழ்ந்து பார்த்தவர், பிறகு இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கொமில்லாவில் விவசாயிகளின் கூட்டுறவுகளை வளர்த்தவர். ஓராங்கிக்குப் போகும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. போனவுடன் அவர் எதையும் தொடங்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்து, உட்கார்ந்து, பேசினார். உங்கள் கடிதத்தில் நான் காணாதது இந்த நடைதான். நீங்கள் மக்களைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் திண்ணைக்குப் போனார்.

அங்கேயும் முதலில் கிடைத்த பதில் உங்கள் தெருக்காரர்கள் சொன்னதுதான். சாக்கடை போடுவது அரசாங்கத்தின் வேலை, அதுவும் இலவசமாகப் போட வேண்டும். அவர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் அரசாங்க மதிப்பீட்டில் வந்த செலவை அந்த மக்களால் எந்தக் காலத்திலும் கட்ட முடியாது. கடன் வாங்கிப் போட்டாலும் அடைக்க முடியாது. ஆகவே கானும், கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசனும் அந்தச் செலவை உடைத்துப் பார்த்தார்கள். ஒப்பந்தக்காரரின் லாபம், இடையில் போகும் கமிஷன், தேவைக்கு மேல் கனமான வடிவமைப்பு, இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மேன்ஹோலின் வடிவத்தை எளிமையாக்கினார்கள். அதை வார்க்க இரும்பு அச்சுகள் செய்து சந்துகளுக்கு இரவல் கொடுத்தார்கள். வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சிறு தொட்டி வைத்தார்கள், கெட்டியான கழிவு அதில் தங்கிவிடும் என்பதற்காக. கடைசியில் ஒரு வீட்டுக்கு, கக்கூஸையும் சேர்த்து, ஆயிரம் ரூபாய் அளவில் வந்து நின்றது. அது பாகிஸ்தான் ரூபாய், எண்பதுகளின் கணக்கு. பல வீடுகளால் கொடுக்க முடிந்த தொகை.

அலகு சந்துதான். ஒரு சந்துக்கு இருபது முப்பது வீடுகள். அத்தனை பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும்; யார் கொடுத்தார், யார் இழுத்தடிக்கிறார் என்று கேட்கவே வேண்டாம். சந்து தனக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும். அவர் வந்து கேட்டால்தான் கானின் அமைப்பு, ஓராங்கி பைலட் புராஜெக்ட், உள்ளே வரும். வந்து மட்டம் பார்த்து, வரைபடமும் செலவுக் கணக்கும் போட்டுக் கொடுக்கும். கருவிகள் தரும், வேலையை மேற்பார்வை பார்க்கும். ஆனால் பணத்தைத் தொடாது. வசூல், சாமான் வாங்குவது, கூலி, எல்லாம் சந்துக்காரர்கள் கையில்.

ஓராங்கியில் நடந்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். நான் முன்பு குடியிருந்த பகுதியில் ஒரு சங்கம் இருந்தது. நல்ல மனிதர்கள். தெருவிளக்குக்கும் மழைநீர் வாய்க்காலுக்கும் என்று வீடு வீடாக வாங்கினார்கள். பணம் மூன்று பேர் கையில் இருந்தது. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் இரண்டே வருடத்தில் சந்தேகம் வந்தது, பேச்சு வந்தது, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். வாய்க்கால் வேலை பாதியில் நின்றது. பணம் அந்தந்தத் தெருவிலேயே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஓராங்கியில் தொடக்கம் சுத்தமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சந்துகளில் கான்கிரீட் மோசமாக வந்தது. மண்ணும் தூசியும் கலந்த மணல், தப்பான கலவை, கொத்தனார் அவசரம். தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும் என்றே பலருக்குத் தெரியவில்லை. சில இடங்களில் இடிந்தது. அமைப்பு அப்போதும் வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் கெட்டது என்று ஆராய்ந்து, துண்டுப் பிரசுரம் அடித்து, கொத்தனார்களுக்கும் சந்துக்காரர்களுக்கும் செய்து காட்டியது. கானின் கண்ணில் அவர்கள் ஆராய்ச்சி செய்து சொல்லிக் கொடுப்பவர்கள். கட்டுபவர்கள் மக்கள்.

இன்னொரு பிரிவினையும் செய்தார்கள். வீட்டுக் கக்கூஸ், சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் சின்னக் குழாய், இவை உள்வேலை, மக்களுடையது. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் வெளிவேலை, அரசாங்கத்துடையது. உங்கள் தெருக்காரர்களின் பேச்சுக்கு இதில் பதில் இருக்கிறது. "கவர்மெண்ட் செய்யட்டும்" என்பதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும்.

வெளிவேலைக்காக அவர்கள் கையில் எடுத்தது வரைபடம். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே அளக்கவும் வரையவும் கற்றுக்கொடுத்து, சந்துகளையும் ஓடைகளையும் பதிவு செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். அதிகாரிகளிடமே இல்லாத விவரம் மக்களிடம் இருந்ததால் பேச்சின் தோரணை மாறியது. பிற்காலத்தில் நிலத்தையும் தண்ணீரையும் திருடுகிறவர்களையும் அந்த வரைபடங்கள் காட்டிக்கொடுத்தன. 2013 மார்ச் 13 அன்று பர்வீனைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த வேலையின் விலையையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவத்திலும் இதே கதைதான். பெண்களை மையத்துக்கு அழைத்தார்கள், வரவில்லை. அப்புறம் குழுக்கள் சந்துகளுக்கே போய், ஒரு பெண்ணின் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்துத் தடுப்பூசியையும் பிரசவத்தையும் பற்றிப் பேசின. சாக்கடையும் இந்தப் பேச்சும் போன சந்துகளில் குழந்தை இறப்பு, 1982-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 130 என்று இருந்தது, 1991-இல் 37 ஆனதாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் தெருவின் நான்கு குழந்தைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அங்கே குறையும் உண்டு. சந்துக் கழிவு ஓடைக்குப் போனது, ஓடை கடலுக்குப் போனது. சுத்திகரிப்பு என்ற வெளிவேலை வெகுகாலம் பின்தங்கியே இருந்தது.

சரி, உங்கள் ஆறு தெருக்களுக்கு வருகிறேன். நீங்களே சாக்கடைக் குழாய் பதிக்கக் கிளம்ப வேண்டாம். மதுரையில் அது மாநகராட்சியின் திட்டத்தோடு இணைய வேண்டிய வேலை; இணையாத குழாய் அடுத்த தெருவின் தலையில் போய்க் கொட்டும். உள்வேலை உங்களுக்கு வேறு இருக்கிறது. எத்தனை வீட்டு செப்டிக் டேங்குக்கு உண்மையிலேயே அடியில் தளம் போட்டிருக்கிறது, எத்தனை வெறும் குழி? எது கடைசியாக எப்போது லாரி வைத்து எடுக்கப்பட்டது? மழைத் தண்ணீர் எந்த வீட்டு மேட்டில் முட்டி நிற்கிறது? தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் ஒரு டியூப் லெவலை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் ஒரு மாதத்தில் இதை வரைந்துவிட முடியும். அந்த வரைபடத்தோடு வார்டு உறுப்பினரையும் பகுதி சபையையும் பாருங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மழைநீர் வாய்க்காலுக்கு அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனங்களுக்கு எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்பது என் வேண்டுகோள். வெளிப்பணம் முதலில் வந்துவிட்டால் தெருக்காரர்கள் பயனாளிகள் ஆகிவிடுவார்கள். அப்புறம் அவர்களிடம் இருபது ரூபாய் கேட்பதுகூடக் கஷ்டம். திருச்சியில் குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்கள் எடுத்து, சிறு கட்டணம் வாங்கி, கரண்ட் பில்லும் துப்புரவுக் கூலியும் அதிலேயே கட்டி நடத்தினார்கள். ஒரு முறை நேரில் போய் அந்தப் பெண்களிடம் பேசிவிட்டு வாருங்கள். மாலை வகுப்பும் முகாமும் இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு தெருவையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். அதிகம் தண்ணீர் நிற்கும் ஒரு தெரு, அதில் இருபது வீடு. கூட்டம் போடாமல் மாலையில் போய் உட்காருங்கள். வராத பாதிப் பேரின் வீட்டுக்கு முதலில் போங்கள். வரைபடம் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.