குழந்தையின் மருத்துவச் சீட்டில் ஜிடிடி, சிபி, ஓடி, ஐடி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சுருக்கங்களுக்கு என்ன அர்த்தம்?

கேட்டவர் யாரென்று தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளை தூங்கிய பிறகு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடுகிற அப்பாவோ அம்மாவோ என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேடுகிறீர்களே, அதுவே பெரிசு. நான் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். ஐடிஐ-யில் டர்னர் படித்துவிட்டு லேத் பட்டறையில் வேலை. எங்கள் பட்டறையில் ஐடி என்றால் உள்விட்டம், ஓடி என்றால் வெளிவிட்டம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது ஓடி என்றால் ஓவர்டைம். இங்கிலீஷில் கடைசி எழுத்து வேறு வேறுதான், ஆனால் தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே ஓடி.

2016-இல் என் மகளுக்கு இரண்டரை வயது. சுவரைப் பிடித்து நிற்பாள், நடக்க மாட்டாள். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். 'ப்பா' என்பதைத் தவிர வார்த்தை கிடையாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெயர் வேண்டாம், டாக்டர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்தான் என்ன செய்வார். சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: ஜிடிடி. அடுத்து ஒரு கேள்விக்குறி போட்டு சிபி. அதற்குக் கீழே, ஓடி, திங்கள் காலை 9 மணி. சீட்டை வாங்கிப் பார்த்த அக்கா "திங்கக்கிழமை ஓடிக்கு வந்துருங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓடி என்றால் வேறென்ன? ஆபரேஷன் தியேட்டர். மனைவியின் பிரசவத்தின்போது அந்தக் கதவுக்கு வெளியேதான் நாலு மணி நேரம் நின்றேன்.

வீட்டில் சொன்னதும் எங்கம்மா பாண்டி கோயிலுக்குக் கிடா நேர்ந்துகொண்டார். நான் ஐந்து வட்டிக்கு 20,000 வாங்கினேன். முதல் மாச வட்டி 1,000-ஐப் பிடித்துக்கொண்டு 19,000 கையில் தந்தார்கள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்பது தெரியுமல்லவா? ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து அழுதாள். பேச்சு வராத பிள்ளை, பசி என்று சொல்லத் தெரியாது. அடுப்படி இருக்கும் பக்கமே பார்த்துப் பார்த்து அழுதாள். பால் சட்டியை என் மனைவி தூக்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது, 200 ரூபாய். மடியில் பிள்ளை அழுகிறது, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்கிறோம், அதைக் கேட்ட பிறகுதான் ரேட்டே ஏறியது. மீட்டர் போட்டு ஓட்டுகிற ஆட்டோவை மதுரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சரி, அது இங்கே பேச வேண்டியதில்லை.

அவர்கள் காட்டிய அறையில் கட்டிலும் இல்லை, பெரிய விளக்கும் இல்லை. தரையில் நீலப் பாய், ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு பந்து, மேலே கொக்கியில் தொங்கும் ஊஞ்சல். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பு முழுக்கத் துணி காயப்போடுகிற கிளிப்புகள். அங்கே ஒரு பொண்ணு இருந்தது, இருபத்தைந்து வயது இருக்கும். என் மகளின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு கிளிப்பைப் பிடிக்க வைத்துப் பார்த்தது. பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. "பாப்பா சாப்பிட்டுச்சா சார்?" என்று கேட்டது. ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டேன்.

அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. "ஓடின்னா ஆக்குபேஷனல் தெரபி சார். கை, விரலுக்குப் பயிற்சி. மொதல்ல இட்லி குடுத்துட்டு வாங்க, பசியில இருக்குற பிள்ளைக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க முடியாது" என்றது. கேன்டீனில் என் மகள் மூன்று இட்லி தின்றாள். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஆமாம், கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, எல்லோருக்கும் தெரிந்த மாதிரி ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லும்போது, அது என்னவென்று கேட்க நாக்கு எழாது. எழுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் டாக்டர் இல்லை. பத்து வருஷமாக வரிசையில் நின்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜிடிடி என்பது குளோபல் டெவலப்மென்ட்டல் டிலே. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை நடை, பேச்சு, புரிதல் மாதிரி இரண்டு மூன்று விஷயங்களில் ஒருசேரப் பின்தங்கியிருந்தால் இதை எழுதுவார்கள். ஐந்து வயது தாண்டிய பிறகு சோதனை வைத்துப் பார்த்து, சில பிள்ளைகளுக்கு ஐடி என்று எழுதுவார்கள், அதாவது இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி, அறிவுசார் குறைபாடு. ஜிடிடி என்று எழுதிய எல்லாப் பிள்ளைக்கும் அது வருவதில்லை. என் மகளுக்கு வரவில்லை. சிபி என்பது செரிப்ரல் பால்சி, மூளை முடக்குவாதம் என்பார்கள். மூளை வளரும் பருவத்தில் ஏற்பட்ட பாதிப்பு. அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் பரவுகிற நோய் இல்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எஸ்டி என்றால் ஸ்பீச் தெரபி, சாதிச் சான்றிதழ் சம்பந்தப்பட்டது இல்லை. பிடி என்றால் பிசியோதெரபி. ஏஎஃப்ஓ என்பது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஷூவுக்குள் போடுகிற பிளாஸ்டிக் தாங்கி.

பழைய காகிதங்களில் எம்ஆர் என்று இருக்கும், அதாவது மென்டல் ரிடார்டேஷன். ஐடி-க்குத்தான் அப்போது அந்தப் பெயர். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அதில் அந்தச் சொல்லே இருந்தது. 2016 சட்டத்தில் அதை ஐடி என்று மாற்றி, மொத்தம் 21 வகை ஆக்கினார்கள். எங்கள் சித்தப்பா மகனின் 2003 சான்றிதழில் எம்ஆர் என்றுதான் இருக்கிறது. தெருவில் பையன்கள் அந்த இரண்டு எழுத்தையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். போன வருஷம் ஒரு அலுவலகத்தில் "இதுல எம்ஆர்னுல்ல இருக்கு, ஃபாரத்துல ஐடின்னு எழுதியிருக்கீங்க, எது சரி?" என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டம் மாறியது எனக்குத் தெரிகிறது, அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியவில்லை.

பிடபிள்யூபிடி என்று வேலை அறிவிப்புகளில் பார்த்தால், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர் என்று அர்த்தம். யூடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிற, நாடு முழுக்கச் செல்லும் அடையாள அட்டை. அதிலும் ஐடி வருகிறது, ஆனால் அது அடையாளத்தைக் குறிக்கிற ஐடி. குழம்பாதீர்கள், நான் குழம்பினேன்.

சொல்லை விட முக்கியமானது அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது. கேள்விக்குறி இருந்தால் டாக்டருக்குச் சந்தேகம், அவ்வளவுதான், இன்னும் முடிவாகவில்லை. ஆர்/ஓ என்று இருந்தால் அது இல்லை என்று உறுதிசெய்யச் சோதிக்கச் சொல்கிறார். கே/சி/ஓ என்று இருந்தால் ஏற்கெனவே தெரிந்தது. எங்கள் சீட்டில் இருந்த கேள்விக்குறி போக ஒரு வருஷம் ஆனது. உங்கள் சீட்டை எடுத்து முதலில் அதைப் பாருங்கள்.

என் மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள், ஏஎஃப்ஓ போட்டுக்கொண்டு நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். கிடாயை எங்கம்மா வெட்டத்தான் செய்தார். ஆபரேஷன் நடக்காமல் போனதே பாண்டி செய்ததுதானாம். வட்டிக்காரர் அந்த 1,000-ஐத் திருப்பித் தரவில்லை.

இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரி, எந்த அலுவலகம் என்றாலும், எந்தச் சீட்டு கொடுத்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டுட்டு வரலாமா?" யூடிஐடி அட்டைக்குப் போட்டோ எடுக்க வரச் சொன்னபோதும் கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போட்டோதாண்ணே எடுக்கப் போறோம். நல்லாச் சாப்பிட்டுட்டே வாங்க" என்றார்.