பச்சைத் தாள் கையில் வரும் வரை: அமீரகச் சாலை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டி, விபத்து, போலீஸ், இன்சூரன்ஸ் பற்றியவை. அங்கே 2025 மார்ச் 29 முதல் புதிய போக்குவரத்துச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் பல இப்போது ஆபத்தானவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் தருகிறோம்.

தினமும் ஷார்ஜாவிலிருந்து 311 ரோட்டில் ஜெபல் அலி போகிறேன். இடதுகோடி டிராக்கில் சரியாக 110-இல் போனாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு லைட் அடிக்கிறார்கள். சட்டப்படி போகிற நான் எதற்கு விலக வேண்டும்?
— வாசகர், ஷார்ஜா

விலகுங்கள். இதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இல்லை. இடதுகோடி டிராக் முந்துவதற்கானது. பின்னால் வருபவருக்கு வழி விடாமல் அதிலேயே போனால் உங்களுக்கும் 400 திர்ஹம் அபராதம் உண்டு. ஒட்டி வருபவருக்கு 400 திர்ஹமும், லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளிகளான கரும்புள்ளி 4-உம். துபாயில் 2024 அக்டோபரிலிருந்து அவருடைய வண்டியை 30 நாள் பிடித்து வைக்கவும் முடியும். அந்த வேலையைப் போலீஸ் பார்க்கட்டும்.

பலர் செய்யும் பெரிய தவறு, பின்னால் வருபவருக்குப் பாடம் புகட்ட பிரேக்கை லேசாகத் தொடுவது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. அவர் 10 மீட்டர் பின்னால் இருந்தால் அவர் கையில் இருப்பது வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. மனிதக் கால் பிரேக்குக்குப் போகவே சுமார் ஒரு வினாடி ஆகும். தவறு அவர் பேரில் எழுதப்படலாம், கழுத்தெலும்பு உங்களுடையது.

செய்ய வேண்டியது வேறு. உங்களுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். முன்வண்டி ஒரு பலகையைக் கடந்ததும், நீங்கள் அதே பலகைக்கு வரும் வரை மனதுக்குள் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று வினாடிகளை எண்ணுங்கள். சாதாரணமாக இரண்டு போதாது, மூன்று வேண்டும். பின்னால் ஒருவர் ஒட்டியிருந்தால் நான்கு, அதாவது சுமார் 120 மீட்டர். முன்னால் ஏதாவது நடந்தால் நீங்கள் மெதுவாக வேகம் குறைக்கலாம், அவரும் பிழைப்பார். வலது இண்டிகேட்டரைப் போட்டு, இடம் கிடைத்ததும் மாறுங்கள். அவர் அவசரப்படுத்துகிறார் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மாறும்போது ஒரு எச்சரிக்கை. ஊரில் வலப்பக்க சீட்டில் இருந்து ஓட்டிப் பழகிய கண் இடது தோளுக்குப் பின்னால்தான் தானாகத் திரும்பும். அங்கே நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணாடியில் தெரியாத பெரிய மறைவு வலது தோளுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் ஓராண்டுக்காவது வலது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே மாறுங்கள்.

கையால் சைகை காட்டுவது, கண்ணாடியை இறக்கித் திட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அசிங்கமான விரல் சைகை அங்கே குற்ற வழக்கு, நாடுகடத்தல் வரை போகும். ஓட்டிய முறை மீது புகார் சொல்ல துபாய் போலீஸ் செயலியில் 'நாம் எல்லோரும் போலீஸ்' என்ற சேவை இருக்கிறது. வண்டி நின்ற பிறகு அனுப்புங்கள்.

பின்னால் இடித்தவர், "போலீஸ் வேண்டாம் பாய், 500 திர்ஹம் தருகிறேன்" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், துபாய் அல் கூஸ்

வாங்காதீர்கள். போலீஸ் அறிக்கை இல்லாமல் இடிபட்ட வண்டியில் எந்த கராஜும் கை வைக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகு உள்ளே சென்சார், ரேடியேட்டர் தாங்கி எல்லாம் போயிருப்பது தெரியும். அப்போது அந்த 500 எதற்கும் போதாது, அந்த மனிதரையும் கண்டுபிடிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்ட பிறகு அவரே போய் நீங்கள்தான் இடித்தீர்கள் என்று சொன்னாலும் உங்களிடம் மறுக்க ஒரு தாள் இல்லை.

யாருக்கும் காயம் இல்லையா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அபாய விளக்கைப் போட்டு, இரண்டு வண்டியும் நிற்கும் நிலையில் நான்கைந்து படம் எடுங்கள்: தூரத்திலிருந்து டிராக் கோடு தெரியும்படி ஒன்று, இடிபட்ட இடம் அருகிலிருந்து, இரண்டு எண் பலகை. பிறகு உடனே ஓரத்துக்கு நகர்த்துங்கள். சின்ன இடிக்கு நடு ரோட்டில் நின்று வாதாடினால் அதற்கே அபராதம், பின்னால் வரும் லாரியும் உங்களைத் தேடி வரும். குழந்தைகளைச் சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள், வண்டிக்குள் விடாதீர்கள்.

ஓரம் வந்ததும் எதிராளியின் லைசென்சையும் முல்கியாவையும் (வண்டிப் பதிவு அட்டை) படம் எடுத்துக்கொள்ளுங்கள். துபாயில், தவறு யாருடையது என்பதில் இருவரும் ஒத்துப்போனால் துபாய் போலீஸ் செயலியிலேயே அறிக்கை வாங்கிவிடலாம். தகராறு இருந்தால் போலீஸை அழையுங்கள். 999 அவசரத்துக்கு, 901 மற்றவற்றுக்கு. ஷார்ஜாவில் இந்த வேலையை ராஃபித் நிறுவனமும் அபுதாபியில் சாயித் நிறுவனமும் பார்க்கின்றன.

துபாயில் போலீஸ் அறிக்கைத் தாளின் நிறம், தவறு இல்லாதவருக்குப் பச்சை, தவறு செய்தவருக்குச் சிவப்பு, இடித்தவர் யாரென்று தெரியாவிட்டால் வெள்ளை. எல்லா எமிரேட்டிலும் நிறம் இதே மாதிரி என்று நினைக்காதீர்கள், தாளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பச்சை கையில் இருந்தால் இடித்தவரின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நீங்கள் நேராகப் போகலாம். வண்டி கராஜில் கிடக்கும் நாட்களுக்கு, ஒரு வரம்பு வரை, மாற்று வண்டியும் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை. நிறுவனம் இழுத்தடித்தால் 'சனதக்' என்ற குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுங்கள். வங்கி, இன்சூரன்ஸ் தகராறுகளுக்காக உள்ள அமைப்பு அது.

பார்க்கிங்கில் நின்ற என் வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.
— வாசகி, அஜ்மான்

வண்டியை எடுப்பதற்கு முன் போலீஸிடம் சொல்லுங்கள். சுற்றி உள்ள கடை, கட்டட வாட்ச்மேனிடம் கேமரா பதிவு இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள், பழைய பதிவுகள் அழிந்துகொண்டே இருக்கும். இடித்தவர் கிடைக்காவிட்டால் உங்களிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தால்தான் பழுதுக்குப் பணம். வெறும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்றால் செலவு உங்களுடையது.

என் தம்பி ஓட்டிய கார் சாலையைக் கடந்தவர் மீது மோதிவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
— வாசகர், திருச்சி

உங்கள் தம்பி அங்கேயே நின்றார் அல்லவா, அதுவே பெரிய விஷயம். காயம் பட்டவரை விட்டுப் போனால் புதிய சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்று வரும். பயத்தில் ஓடியவர்கள்தான் மீள முடியாமல் சிக்குகிறார்கள்.

காயம் உள்ள வழக்கில் பாஸ்போர்ட்டைப் பிணையாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்தான். அதனாலேயே குற்றவாளி என்று ஆகிவிடாது. வாக்குமூலம் அரபியில் எழுதப்படும். மொழிபெயர்ப்பாளர் வந்து தமிழிலோ தமக்குப் புரிந்த மொழியிலோ படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். "சிக்னல் மஞ்சளா சிவப்பா" என்பது போன்ற ஒரு சொல்லில் வழக்கு மாறிவிடும்.

காயம்பட்டவர் இறந்துபோனால் 'தியா' எனப்படும் இரத்தப் பணம் 2,00,000 திர்ஹம். இதை வண்டியின் இன்சூரன்ஸ் கட்டும். ஆனால் மது அருந்தி ஓட்டியிருந்தால், அல்லது அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இல்லாதிருந்தால், கட்டிய பணத்தை நிறுவனம் தம்பியிடமே திரும்பக் கேட்க முடியும். நண்பரின் வண்டியை அவசரத்துக்கு ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடந்தவர் கண்ட இடத்தில் கடந்திருந்தால் அவர் மீதும் தவறு உண்டு. போலீஸ் வரைபடத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று வக்கீல் பார்க்கட்டும். துபாய், வட எமிரேட்டுகளுக்குத் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம், அபுதாபிக்கு அங்குள்ள தூதரகம். இன்றே தகவல் கொடுங்கள்.

விபத்து நடந்த இடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?
— வாசகர், அபுதாபி

கூடாது. அடிபட்டவர்களைப் படம் எடுத்துப் பரப்பினால் இணையக் குற்றச் சட்டப்படி 6 மாதத்துக்குக் குறையாத சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேடிக்கை பார்க்க வேகம் குறைத்தாலும் 1,000 திர்ஹம். டாஷ்கேமில் பதிவாகியிருந்தால் போலீஸிடம் மட்டும் கொடுங்கள்.

என் கணவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது விபத்தில் கால் உடைந்தது. இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. "ரோட்டில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள்.
— வாசகி, ராமநாதபுரம்

அவர்கள் சொல்வது தவறு, அம்மா. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும், வழியில் வேறெங்கும் திரும்பாமல் நடந்த விபத்தைத் தொழிலாளர் சட்டம் பணிக்காயமாகவே பார்க்கிறது. சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. வேலை செய்ய முடியாத நாட்களில் முதல் 6 மாதம் வரை முழுச் சம்பளம், தேறாவிட்டால் அடுத்த 6 மாதம் பாதி.

கணவரிடம் மூன்று தாள்களை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்: போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சான்று, வேலை ஒப்பந்தம். இவற்றோடு அமீரக மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், செயலியிலேயே செய்யலாம். பஸ் ஓட்டுநர் மேல் தவறு என்று அறிக்கை சொன்னால், சம்பளத்தைத் தவிர பஸ்ஸின் இன்சூரன்ஸிடம் தனியாக இழப்பீடு கோரவும் வழி உண்டு. "எல்லாம் முடிந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அவர் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுப் போனவர் என்றால், அப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கான இன்சூரன்ஸான பிரவாசி பாரதீய பீமா யோஜனா பாலிசி எடுத்திருப்பார். விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். பாலிசி நகல் பெரும்பாலும் ஊரில் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். பயணத்துக்கு முன் ஏஜெண்ட் கொடுத்த கவரை எடுத்து, பாலிசி எண்ணை இன்றே அவருக்கு அனுப்புங்கள்.