சாண்ட்விச்சில் கலோரி எங்கே ஏறுகிறது?

கேள்வி: அலுவலகத்துக்குக் கீழேயே சாண்ட்விச் கடை. வாரம் மூன்று நாள் மதியம் அங்கேதான். எடை கூடாமல் எப்படி வாங்குவது?

பதில்: 15 செ.மீ. நீள சாண்ட்விச்சே ஒரு வேளைக்குத் தாராளம். பிரெட் வகையை மாற்றினால் கலோரி பெரிதாகக் குறையாது. சாஸில்தான் கண் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் சுமார் 90 கலோரி. கடைக்காரர் பாட்டிலைப் பிழிந்தபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இரண்டு முறை இழுத்தாலே அதைத் தாண்டிவிடும். 'தந்தூரி மயோ'வும் மயோதான். "ஒரே கோடு போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடுகு சாஸோ, வினிகரும் மிளகுத்தூளுமோ இன்னும் நல்லது.

ஆலு பேட்டி (உருளைக்கிழங்கு கட்லெட்) வேண்டாம்: பிரெட்டுக்குள் உருளைக்கிழங்கு, மாவுக்குள் மாவு. கிரில் சிக்கன் எடுக்கலாம். சைவர்கள் பனீர் கேட்டால் சீஸைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் கொழுப்பு எகிறும். வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் கூடுதலாகக் கேளுங்கள். ஆலிவ், ஹாலபீனோ மிளகாய் உப்பில் ஊறியவை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு.

காம்போவில் வரும் கோலாவையும் குக்கீயையும் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.