கலிங்கக் கல், வங்கச் செங்கல் – கடிதம்

வணக்கம்.

ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு கிழக்கே ஒரு பயணம் போகலாம் என்றிருக்கிறேன். போக, வர ஆகும் நேரம் நீங்கலாக ஏழு நாள் கையில் இருக்கும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். புவனேஸ்வர், பூரி, கோனார்க், கொல்கத்தா, கயா, முடிந்தால் காசி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் எண்ணம். எனக்குக் கோயில் கட்டடக்கலையில் ஈடுபாடு. தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் பலமுறை பார்த்தவன். ஒடிசாக் கோயில்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது? ஏழு நாளில் இத்தனையும் முடியுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முடியாது. கயாவையும் காசியையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹவுராவிலிருந்து கயா சுமார் 460 கிலோமீட்டர். பல்கு நதிக்கரை, விஷ்ணு பாதம், அட்சய வடம் என்று மூன்று இடத்திலும் பிண்டம் வைத்து முடிக்க ஒரு முழுப் பகல் போய்விடும். அம்மா இத்தனை காலம் மனதில் வைத்திருக்கும் காரியத்தை ரயிலுக்கு நேரமாகிறது என்று வாத்தியாரை அவசரப்படுத்திச் செய்யக் கூடாது. காசி, கயா, பிரயாகைக்கு என்று தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மிச்சமாகும் நாளில் பெரும்பாலோர் தவறவிடும் பிஷ்ணுபூரை, வங்கத்தின் சுடுமண் கோயில் ஊரை, சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கிழமை. இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் கிழமைக் கணக்கில்தான். திங்கட்கிழமை சிவனுக்கு உரிய நாள் என்பதால் லிங்கராஜர் கோயிலில் நெரிசல் இருக்கும். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. கோனார்க் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். செவ்வாய், சனிக்கிழமைகளில் காளி கோயில்களுக்குள் நுழைவதே பாடு. பூரியில் சில புதன், வியாழக்கிழமைகளில் மாலையில் பனகலாகி என்ற சடங்குக்காகச் சில மணி நேரம் நடை சாத்திவிடுவார்கள். இத்தனையையும் ஒதுக்கிப் பார்த்தால் சனிக்கிழமை தொடங்குவதுதான் பொருந்துகிறது: சனி, ஞாயிறு புவனேஸ்வர், திங்கள் கோனார்க் பார்த்துவிட்டு இரவு பூரி, செவ்வாய் பூரி, அன்றிரவே ரயில், புதன் பிஷ்ணுபூர், வியாழன், வெள்ளி கொல்கத்தா. ஜனவரி முதல் வாரம் மட்டும் வேண்டாம், பூரியில் கால் வைக்க இடம் இருக்காது. ரத சப்தமி சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே வந்துவிடும். அன்று கோனார்க் அருகே சந்திரபாகா கடற்கரையில் பெருங்கூட்டம் நீராடும் என்பதால் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி, எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி. நம் கண் வாசலில் கோபுரத்தைத் தேடிப் பழகியது. ஒடிசாவின் பழைய பெயரான கலிங்கத்தில் உயரம் முழுவதும் கருவறையின் மேல்தான், அந்த வகையில் அவை தஞ்சைப் பெரிய கோயிலின் உறவு. கருவறைக் கோபுரத்தை அங்கே தேவுல் என்பார்கள். நெளிந்து மேலேறும் கூர்ங்கோபுரம் ரேகா தேவுல். அதன் முன்னால் படிப்படியாகக் குறுகும் கூரையோடு நிற்கும் மண்டபம் ஜகமோகனம், அந்தக் கூரை வகைக்குப் பீடா தேவுல் என்று பெயர். உச்சியில் நெல்லிக்காய் போல வரிவரியாக இருக்கும் பெருங்கல் ஆமலகம். வெளிச்சுவரில் ஒரு சாண் இடம் விடாமல் சிற்பம் இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெறும் சுவர். தூண்கள் நிறைந்த மண்டபத்தை எதிர்பார்த்து உள்ளே போய் ஏமாற வேண்டாம், வெளியே சுற்றி வாருங்கள்.

புவனேஸ்வரில் கட்டப்பட்ட கால வரிசையிலேயே பாருங்கள். 7ஆம் நூற்றாண்டின் பரசுராமேஸ்வரர் முதலில். இங்கே ஜகமோகனம் தட்டையான கூரையுள்ள ஒரு பெட்டி. கோபுரமும் மண்டபமும் ஒன்றோடொன்று இன்னும் ஒட்டவில்லை என்பது பார்த்ததுமே தெரியும். மேற்குப் பக்கத்துச் சாளரங்களில் ஆடுவோரும் வாசிப்போரும் இருக்கிறார்கள், அவர்களைத் தவறவிடாதீர்கள். அடுத்தது பிந்து சாகரக் குளத்துக்குப் பக்கத்தில் 8ஆம் நூற்றாண்டின் வைதால் தேவுல். காகரா வகையைச் சேர்ந்த இதன் உச்சி, நம் கோபுரத்தின் உச்சியில் வண்டிக்கூடு போலக் கிடக்கும் ‘சாலை’ என்ற உறுப்பைப் போலவே நீளவாக்கில் வளைந்த கூரை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்த ஊரில் முதலில் அடையாளம் தெரியும் வடிவம் இதுதான். உள்ளே சாமுண்டி. பகலிலும் இருட்டு என்பதால் சிறு டார்ச் வேண்டும்.

முக்தேஸ்வரர் 10ஆம் நூற்றாண்டு, சுமார் 35 அடி உயரம்தான். ஆனால் தேவுலும் ஜகமோகனமும் முதல்முறையாக ஒரே உடம்பாகச் சேர்வதை இங்கே காணலாம். எல்லோரும் முன்னாலிருக்கும் தோரண வளைவைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஜகமோகனத்துக்குள் போய் நிமிர்ந்து விதானத்தைப் பாருங்கள், கலிங்கத்தில் உட்புறச் செதுக்கல் அபூர்வம். 11ஆம் நூற்றாண்டின் ராஜராணியில் வழிபாடு கிடையாது. தொல்லியல் துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். மூலைகளில் எட்டுத் திக்குப் பாலகர்களும் தத்தம் திசையில் நிற்கிறார்கள், கிழக்கே இந்திரனில் தொடங்கி வலமாக வாருங்கள். கடைசியாக லிங்கராஜர், சுமார் 180 அடி. தேவுல், ஜகமோகனம், நடனத்துக்கான நாட மந்திர், நைவேத்தியத்துக்கான போக மண்டபம் என நான்கும் ஒரே கோட்டில் நிற்கும். பின்னிரண்டும் பிற்காலச் சேர்க்கை. நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கைப்பேசிக்கும் படம் எடுக்கவும் அனுமதி இல்லை. பண்டாக்கள் எனும் கோயில் பூசாரிகள் சூழ்ந்துகொண்டால் “வேண்டாம்” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு நடங்கள். நின்று பேசினால் தட்சிணைப் பேரம் தொடங்கிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்து சாகரக் கரையிலேயே 1278இல் கட்டிய அனந்த வாசுதேவர் கோயில் இருக்கிறது. மண்பானையில் விறகடுப்பில் வேகும் பிரசாதம் நண்பகல் நைவேத்தியத்துக்குப் பின் விற்பனைக்கு வரும். வெங்காயம், பூண்டு கிடையாது. சோறும், பருப்பும் காய்களும் சேர்ந்த தால்மாவும் அம்மாவுக்கு நிச்சயம் ஒத்துக்கொள்ளும். ஒடிசாவிலும் வங்கத்திலும் ஓட்டலில் சைவம் கேட்க “நிராமிஷ்” என்ற சொல் போதும். கடுகெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தௌலிக்கும் உதயகிரிக்கும் கொடுங்கள். இந்த இரண்டும் தமிழருக்கு நெருக்கமான இடங்கள் என்பது அங்கே வரும் தமிழரில் பலருக்குத் தெரிவதில்லை. தௌலியில் வண்டிகள் நேரே மேலே 1972இல் கட்டிய வெள்ளைச் சாந்தி ஸ்தூபத்துக்குப் போய் நிற்கும். நீங்கள் அடிவாரத்தில் இறங்குங்கள். பாறையிலிருந்து பாதி உடலோடு வெளியே வரும் யானையும், அதன் கீழே அசோகனின் பாறைக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பாறையில் வரிசையாகப் பொறித்த கட்டளைகளில் 2ஆம் கட்டளைதான் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரின் நாடுகளைச் சொல்வது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் அதற்கு அசோகன் வருந்தியதையும் சொல்லும் 13ஆம் கட்டளை இங்கே இல்லை. தோற்ற நாட்டின் மண்ணில் அதைப் பொறிக்காமல், அதிகாரிகள் மக்களை நீதியோடு நடத்த வேண்டும் என்று சொல்லும் இரண்டு தனிக் கட்டளைகளை வைத்திருக்கிறான். அந்தப் பாறையின் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

உதயகிரியின் ஹாதிகும்பா குகையில் கலிங்க மன்னன் காரவேலனின் 17 வரிக் கல்வெட்டு இருக்கிறது. பிராகிருத மொழி, பிராமி எழுத்து. தமிழ் நாடுகளின் கூட்டணியை உடைத்ததாகவும், பாண்டியனிடமிருந்து முத்துகளும் மணிகளும் வந்ததாகவும் அதில் வருகிறது. எழுத்து குகையின் நெற்றியில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருப்பதால் சிறிய பைனாகுலர் உதவும். மேலே ஏறப் படி அதிகம். அம்மா கீழே, இரண்டு அடுக்குள்ள ராணிகும்பா குகையின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கலாம், சிற்பமும் அங்கேதான் நிறைய. நேரம் மிஞ்சினால் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் ஹிராபூர். கூரையே இல்லாத வட்டச் சுவருக்குள் யோகினியர் எனும் 64 பெண் தெய்வங்கள்.

திங்கள் விடிவதற்குள் கோனார்க்குக்குக் கிளம்புங்கள், 65 கிலோமீட்டர். சூரியனின் தேர் வடிவில் அமைந்த கோயில் கிழக்கு பார்த்தது, முகப்புக்குக் காலை வெயில் தேவை. முதலாம் நரசிம்ம தேவன் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. இன்று உயர்ந்து நிற்பது ஜகமோகனம் மட்டும். பின்னாலிருந்த தேவுல் 200 அடிக்கு மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள், அது இடிந்துபோனது. ஜகமோகனமும் விழாமலிருக்க 1903இல் உள்ளே மணலை நிரப்பி வாசல்களை அடைத்துவிட்டார்கள், ஆகவே உள்ளே போக வழியில்லை. உச்சியில் காந்தக்கல் இருந்து கப்பல்களை இழுத்தது என்று வழிகாட்டிகள் சொல்வது வெறும் கதை. வளாகத்தில் கிடக்கும் நீண்ட இரும்பு உத்தரங்கள் கட்டுமானத்துக்குப் பயன்பட்டவை. அவற்றை அருகில் போய்ப் பாருங்கள், 13ஆம் நூற்றாண்டுக் கொல்லர் வேலை அது.

24 சக்கரங்களில் நிழற்கடிகாரம் காட்டுவார்கள். எட்டுப் பெரிய ஆரங்களுக்கு இடையே மும்மூன்று மணி நேரம், நடுவிலுள்ள மெல்லிய ஆரம் ஒன்றரை மணி. அச்சின் நடுவே விரலை நீட்டி நிழல் எங்கே விழுகிறது என்று படிக்க வேண்டும். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குச் சுவரின் சக்கரங்களில்தான் இது நடக்கும், வடக்குச் சுவர் நிழலில் கிடக்கும். கல்லையும் கவனியுங்கள். கட்டடம் கோண்டலைட் என்ற செம்பழுப்புக் கல், கடற்காற்றில் அரித்துப் பொரிந்திருக்கும். சூரியன் சிலைகளும் வாசல் நிலையும் பச்சை கலந்த குளோரைட், மூக்கு நுனி வரை கூர்மை குலையாமல் இருக்கிறது. தெற்கு, மேற்கு, வடக்கு என மூன்று புறமும் நிற்கும் அந்தச் சூரியன்கள் காலில் முழங்கால் வரை காலணி அணிந்திருக்கும். அவற்றுக்கு அருகே போகப் படி செங்குத்து, அம்மா வேண்டாம்.

அங்கிருந்து கடலோரச் சாலையில் பூரி 35 கிலோமீட்டர். ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் சோழ இளவரசி ராஜசுந்தரி, சோட என்று மகனின் பெயரிலேயே சோழம் இருக்கிறது. கைப்பேசி, தோல் பொருள் எதற்கும் அனுமதி இல்லை, எல்லாவற்றையும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கையில்லாச் சட்டை கூடாது. வேட்டி நல்லது. கைப்பேசி இல்லாமல் கூட்டத்தில் பிரிந்துபோவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் சங்கடம். பிரிந்தால் சிங்க வாசலுக்கு வெளியே அருண ஸ்தம்பத்தடியில் சந்திப்பது என்று உள்ளே போகும் முன்பே பேசிவையுங்கள். கோனார்க்கிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட தூண் அது. சிங்க வாசலைத் தாண்டியதும் 22 படிகள். அம்மாவை விடிகாலையில் அழைத்துப் போங்கள், படியில் நின்று மூச்சு வாங்க இடம் கிடைக்கும். வடகிழக்கு மூலையில் ஆனந்த பஜார், மகாபிரசாதம் அங்கேதான். எடுத்து வைக்கும் முன் விலை கேளுங்கள். பிற்பகலில் 14 கிலோமீட்டர் தள்ளி ரகுராஜ்பூர் போய்ப் பட்டச்சித்திரம் வாங்கலாம். துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப் பொடியும் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளைக்குச் சங்கு, கறுப்புக்கு விளக்குக் கரி. நகத்தால் மெல்லத் தட்டினால் தோல் போல ஒலிப்பது நல்ல பட்டச்சித்திரம்.

இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் கரக்பூரில் இறங்கினால், மேதினிபூர் வழியாக பிஷ்ணுபூர். ரயிலும் உண்டு, அம்மாவுக்காகக் கார் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் டோட்டோ எனும் பேட்டரி வண்டியை அரை நாளுக்குப் பேசிவிடலாம். ராஸமஞ்சம் என்ற பழைய செங்கல் மண்டபத்தில் வாங்கும் சீட்டே ஷ்யாம்ராய், ஜோர்பங்களா கோயில்களுக்கும் அன்று செல்லும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வண்டல் மண் நாட்டில் செதுக்க நல்ல கல் கிடையாது, களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்து சுட்டுச் சுவரில் பதித்தார்கள். மழை வழிய மூங்கில் குடிசையின் கூரை வளைவை அப்படியே செங்கல்லில் எடுத்துக்கொண்டார்கள். 1643இன் ஷ்யாம்ராயில் ஐந்து சிகரம், சுவரெல்லாம் சுடுமண் பலகைகள். கண்ணனும் கோபியரும் வட்டமாகச் சுழன்றாடும் ராஸ மண்டலத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 1655இன் ஜோர்பங்களா இரண்டு குடிசைகளை ஒட்டவைத்த உருவம், அதில் அம்புப் படுக்கையில் பீஷ்மர் இருக்கிறார். நான்கு நாள் கல்லில் பழகிய கண்ணுக்கு இந்தச் செம்மண் பெரிய ஆறுதல். பலகைகளைத் தொடாதீர்கள், உப்பும் பாசியும் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கின்றன. மாலை ரயிலில் கொல்கத்தா.

கொல்கத்தாவில் அதிகம் ஓட வேண்டாம். வியாழன் காலை மெட்ரோவில் தட்சிணேஸ்வரம்: ராணி ராஸ்மணி 1855இல் எழுப்பிய ஒன்பது சிகரக் காளி கோயில், பிஷ்ணுபூரில் பார்த்த அதே வளைகூரை வளர்ந்து நிற்கிறது. அங்கிருந்தே படகில், ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம். பேலூர் முற்பகலிலேயே மூடி மாலைதான் திறக்கும், ஒன்பது மணிக்குள் படகு ஏறிவிட வேண்டும். வெள்ளிக்கிழமையை இந்திய அருங்காட்சியகத்தின் பார்ஹுத் கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்ஹுத் பௌத்த ஸ்தூபத்தைச் சுற்றியிருந்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் செம்மணற்கல் வேலி அங்கே இருக்கிறது.

டிக்கெட்டுகளை 60 நாள் முன்பு, திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் புவனேஸ்வருக்கு நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேரும், நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போடுங்கள். திரும்பும்போது அது ஹவுராவிலிருந்து கிளம்பாது, ஷாலிமாரிலிருந்து. டாக்ஸிக்காரரிடம் “ஷாலிமார்” என்று இரண்டு தரம் சொல்லுங்கள்.